கழுதைத் தடத்தில் ஒரு சரளைப் பாதை

வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தால், இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகப் புறப்படுகிற பிட்ஸ்பர்க் முனை வரைக்கும் ஏறக்குறைய 540 கிலோமீட்டர் போகலாம். அங்கங்கே ஊர்த்தெருக்களைக் கடக்க வேண்டியிருக்கும். மற்றபடி முதுகுக்குப் பின்னால் காரோ லாரியோ வராது. முதல் 297 கிலோமீட்டர் பழைய கால்வாயின் கரை. அடுத்த 240 கிலோமீட்டர் கைவிடப்பட்ட ரயில் தடம். இரண்டும் அப்பலாச்சியன் மலையடிவாரத்தில், கம்பர்லேண்ட் என்ற சிறு நகரத்தில் சேர்கின்றன. பெரும்பகுதிக்குத் தார் கிடையாது. மண்ணும் நொறுக்கிய சுண்ணாம்புக் கல்லும்தான். பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்கு வெங்கடேஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். கிராவல் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தடம்தான் நினைவுக்கு வரும்.

ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும், சுமார் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரும் கொண்டது கிராவல் பைக். தார்ச்சாலையிலும் போகும், காட்டுச் சரளையிலும் போகும். இப்படிப்பட்ட பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்டையும் ஆற்றையும் பாலத்தையும் வர்ணித்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் கிடக்கிற தரையைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்தத் தரை ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது, ஏன் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் இந்தப் பாதையின் அருமை முழுதாகப் புரியும்.

1828 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் இரண்டு வேலைகளுக்கு ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார்கள். செசபீக்-ஒஹையோ கால்வாய்க்கு அன்றைய குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்தார். பால்டிமோரில் பால்டிமோர்-ஒஹையோ ரயில்வேக்கு முதல் கல் வைக்கப்பட்டது. இரண்டுக்கும் இலக்கு ஒன்றே: மலைகளைத் தாண்டி ஒஹையோ ஆற்றைத் தொடுவது. ரயில் 1842-லேயே கம்பர்லேண்டுக்கு வந்துவிட்டது. கால்வாய் அங்கே வந்து சேர 1850 ஆயிற்று. அதற்கு மேல் அது போகவே இல்லை. வியாபாரப் போட்டியில் கால்வாய் தோற்றது. ஆனால் தோற்ற அந்தக் கால்வாய்தான் இன்று சைக்கிள்காரர்களுக்குச் சொத்து.

காரணம் கோவேறு கழுதை. தரையில் வண்டி இழுக்கிற கழுதையால் ஒரு டன் பாரத்தைச் சமாளிப்பதே பெரிய பாடு. அதே கழுதைகள் இரண்டோ மூன்றோ சேர்ந்து, நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகைக் கயிறு கட்டி இழுத்தன. நடை வேகத்தில் நகரும் படகுக்குத் தண்ணீர் தரும் தடை மிகக் குறைவு என்பதால் இது முடிந்தது. ஒரே நிபந்தனை, தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும். சரிவில் தண்ணீர் நிற்காது. ஆகவே கால்வாயை மட்டமான நீண்ட துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு பூட்டுமதகு கட்டிப் படகைப் படியேற்றினார்கள். மொத்தம் 74 மதகுகள். ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டரை மீட்டர் தூக்கும். ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லேண்ட் வரை 297 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் சுமார் 184 மீட்டர். கணக்குப் போட்டால் சராசரிச் சரிவு 0.06 சதவீதம். கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. மதகு வரும் இடத்தில் மட்டும் பாதை சட்டென்று ஒரு சிறு மேடேறி மறுபடி மட்டமாகும். கழுதை நடக்கப் போட்ட கரை, சுமார் மூன்றரை மீட்டர் அகலத்தில், இன்றைக்குச் சைக்கிள் பாதையாக இருக்கிறது.

மட்டத்தைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு பாவ் பாவ் சுரங்கத்தில் தெரியும். பொட்டோமாக் அங்கே பாம்பாக நெளிகிறது. கரையோடு கால்வாய் வெட்டினால் சுமார் பத்து கிலோமீட்டர் வளைவு. அதைத் தவிர்க்க 1836-ல் மலையைக் குடைய ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண்டில் முடிக்க நினைத்த வேலை 14 ஆண்டு இழுத்தது. 950 மீட்டர் நீளம். உள்ளே லட்சக்கணக்கான செங்கற்கள். இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் ஈரச் சுவர், மறுபக்கம் கைப்பிடி மரத்துக்கு அப்பால் கறுப்புத் தண்ணீர் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த மரம் சில இடங்களில் வரிவரியாகத் தேய்ந்து கிடக்கும். படகை இழுத்த கயிறு உரசி உரசிப் பதித்த பள்ளங்கள் அவை. பாவ் பாவ் என்பது அந்தக் காடுகளில் தானாக விளையும் ஒரு பழமரத்தின் பெயர். நம் சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது; சீத்தா இனங்கள் வெப்ப நாட்டில் தங்கிவிட, இந்த ஒன்று பனி விழும் நாட்டுக்குப் பழகிக்கொண்டது. கரையோரமெங்கும் இதன் அகன்ற இலைகளைப் பார்க்கலாம்.

கம்பர்லேண்டுக்கு அப்புறம் கதை மாறுகிறது. அங்கிருந்து மேற்கே மலையேற்றம். கிரேட் அலெகெனி பாசேஜ் என்கிற இந்தப் பாதை, பெரும்பாலும் வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே போட்டுவிட்டுக் கைவிட்ட தடத்தின்மேல் போகிறது. 1986-ல் ஒஹையோபைல் என்ற ஊரை ஒட்டிய சில கிலோமீட்டர்கள் முதலில் திறக்கப்பட்டன. துண்டு துண்டாகச் சேர்த்து, பிட்ஸ்பர்க் முனையைத் தொட 2013 ஆகிவிட்டது. ஒரு பாதைக்கு 27 வருடம். பொறுமைசாலிகளின் வேலை இது.

கிழக்குப் பக்கம் கம்பர்லேண்டிலிருந்து, மலைத்தொடரின் நீர்ப்பிரிமுகடு வரை 38 கிலோமீட்டரில் 545 மீட்டர் ஏற வேண்டும். முகட்டின் உயரம் 729 மீட்டர். அங்கே கிழக்கே விழுகிற மழைத்துளி பொட்டோமாக் வழியாக செசபீக் விரிகுடாவுக்குப் போகும். மேற்கே விழுவது ஒஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். கிழக்குப் பக்கத்தின் சராசரி ஏற்றம் 1.4 சதவீதம். மேற்குப் பக்கம் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் 200 கிலோமீட்டரில் 510 மீட்டர்தான், கால் சதவீதம். மலைத்தொடரையே தாண்டுகிற பாதையில் இவ்வளவு சாதுவான ஏற்றம் எப்படி வந்தது?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகமிகக் குறைவு. மட்டமான தடத்தில் ஒரு டன் ரயிலை நகர்த்திக்கொண்டிருக்க ஏறத்தாழ இரண்டு கிலோ விசை போதும். ரயிலின் சிக்கனமெல்லாம் அதில்தான் இருக்கிறது. சரிவு வந்தால் அந்தச் சிக்கனம் போய்விடும். ஒரு சதவீத ஏற்றத்துக்கு டன்னுக்குப் பத்து கிலோ கூடுதல். 1.4 சதவீதத்தில் பதினான்கு கிலோ கூடி, இழுவை எட்டு மடங்காகிவிடும். எஞ்சினின் சக்கரமோ வழுக்கும் இரும்பு. ஓரளவுக்கு மேல் பிடிமானம் கிடைக்காது. ஆகவே ரயில்வே பொறியாளர் சரிவைக் கண்டு பயந்தார். யாக்கியகேனி, கேசல்மன் ஆறுகள் அறுத்து வைத்திருந்த பள்ளத்தாக்குகளையே பிடித்துக்கொண்டு போனார். பள்ளம் வந்தால் பாலம் கட்டினார், மேடு வந்தால் குடைந்தார். 582 மீட்டர் நீளமுள்ள சாலிஸ்பரி பாலமும், ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கமும் அப்படி வந்தவை.

சைக்கிளின் கணக்கு வேறு. சரளையில் உருளும் டயரின் தடை, இரும்புத் தண்டவாளத்தைவிட ஐந்து மடங்கு அதிகம். டன்னுக்குப் பத்து கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவர், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால், மட்டத்தில் டயர் கேட்பது 0.9 கிலோ விசை. 1.4 சதவீத ஏற்றம் கூடுதலாகக் கேட்பது 1.3 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ரயிலுக்கு எட்டு மடங்கான சுமை நமக்கு இரண்டரை மடங்குகூட ஆவதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இதைத் திறனாக மாற்றினால், ஏற்றத்துக்கு 52 வாட், டயருக்கு 37 வாட், காற்றுக்குச் சுமார் 20 வாட். ஆக மொத்தம் 110 வாட். ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் கொடுக்கக்கூடிய திறன்தான் இது. அதே வேகத்தில் எட்டு சதவீத ஏற்றமுள்ள மலைச்சாலையில் ஏற 350 வாட் வேண்டும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களும் அதை நெடுநேரம் தாங்குவது கஷ்டம். ரயிலின் பலவீனத்துக்காகச் செதுக்கிய சரிவு, மனிதக் காலுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கம்பர்லேண்டிலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரைக்கும் பக்கத்திலேயே சுற்றுலா ரயில் ஒன்றும் ஓடுகிறது. அது மேலேறும் நாளில் சைக்கிளை நிறுத்தி அந்த எஞ்சினின் முக்கலைக் கேட்டால், இந்தக் கணக்கு காதுக்கே புரியும்.

இனி தரை. நொறுக்கிய சுண்ணாம்புக் கல் என்றேன். நம்மூர் கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது கீழே கொட்டுகிற தூளும் பொடிக்கல்லும் கலந்த கலவையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு கை அள்ளி வெயிலில் பார்த்தால் ஒவ்வொரு துணுக்கும் முனைமுனையாக, உடைந்த முகங்களோடு இருக்கும். அந்த முனைகள்தான் விஷயம். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல்லைக் கொட்டிப் பரப்பினால், நெல்லிக்காய்க் குவியல்மேல் கால் வைத்த மாதிரி ஒவ்வொன்றும் நழுவும். முனையுள்ள கல் அழுத்த அழுத்த ஒன்றின் இடுக்கில் மற்றொன்று மாட்டிக்கொள்ளும். பெரிய துணுக்குகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைச் சிறியது நிரப்பும், அதன் இடைவெளியைத் தூள் நிரப்பும். கொஞ்சம் ஈரம் பட்டால் தூள் இறுகிப் பசையாகும். ரோலர் ஓட்டி, நடுவே லேசாக மேடாக்கி, தண்ணீர் இரு பக்கமும் வழிய விட்டால், சிமெண்டும் தாரும் இல்லாமலே கெட்டியான தரை தயார்.

உடைந்த கல் தன்னால் பூட்டிக்கொள்ளும் என்பதைச் சாலைக் கொள்கையாகவே நிலைநாட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மக்காடம். அடியில் பெரிய பாறைகளை அடுக்க வேண்டாம், இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத முனைக்கற்களைப் போட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் வண்டிச் சக்கரங்களே அதை இறுக்கிவிடும் என்றார். அவர் முறையில் அமெரிக்காவில் போட்ட முதல் சாலை 1823-ல் மேரிலாண்டின் பூன்ஸ்பரோ பக்கத்தில் வந்தது. பொட்டோமாக் கால்வாய்க் கரையிலிருந்து அது அதிகத் தூரமில்லை. நம் தாத்தாக்கள் நடந்த கப்பி ரோடும் மக்காடத்தின் வாரிசுதான். கால்வாய்க் கரையில் முதலில் இருந்தது களிமண் கலந்த தரை. மழை பெய்தால் சேறாகிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அண்மை ஆண்டுகளில் சில பகுதிகளில் அதை மாற்றிப் பொடிக்கல் பரப்பியிருக்கிறார்கள். மழைக்கு மறுநாள் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, மிதிக்கிற காலுக்கு உடனே தெரியும்.

இந்தத் தரையில் எந்த டயர், எவ்வளவு காற்று என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காற்றை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு வேகம் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வழவழப்பான இரும்பு உருளைமேல் டயரை ஓட்டிப் பார்த்தால் அது உண்மைதான். டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுதும் நிமிரும்போது திரும்பி வராது, கொஞ்சம் சூடாக வீணாகும். காற்று கூடினால் நசுங்கல் குறையும், இழப்பும் குறையும். ஆனால் சரளை வழவழப்பான உருளை இல்லையே. பின்சக்கரத்தில் 50 கிலோ பாரம் என்றால், 100 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏழு சதுர சென்டிமீட்டர். 35 பி.எஸ்.ஐ.யில் அது இருபது. கெட்டியான டயர் எட்டு மில்லிமீட்டர் கல்லைச் சந்தித்தால் சைக்கிளும் ஆளுமாக மேலே துள்ளி விழ வேண்டும். இளகிய அகல டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே போய்விடும். மேலே உட்கார்ந்திருப்பவர் நகர்வதில்லை.

துள்ளல் வெறும் அசௌகரியம் என்று நினைக்க வேண்டாம். அதிர்வில் உடம்பின் தசையும் கொழுப்பும் குலுங்கி உராய்ந்து ஆற்றலை விழுங்குகின்றன. அந்த ஆற்றலை வேறெங்கிருந்தும் எடுக்க முடியாது, மிதிக்கிற காலிலிருந்துதான் போகிறது. 1960-களில் அமெரிக்க ராணுவத்துக்காக வாகனங்களை ஆராய்ந்தவர்கள், குலுங்கும் இருக்கையில் ஆட்களை உட்காரவைத்து, உடம்பு எவ்வளவு திறனை உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். பின்னாளில் சியாட்டிலைச் சேர்ந்த ஜான் ஹைனே என்ற சைக்கிள் பத்திரிகை ஆசிரியர், நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைகளில் ஓட்டிப் பார்த்து, இந்த இழப்பு சாதாரணமானதல்ல என்று காட்டினார். 1887-ல் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயர் செய்த டன்லப், பெல்ஃபாஸ்டில் தன் முற்றத்தில் சக்கரங்களை உருட்டிப் பார்த்தபோதே, காற்றடைத்தது கெட்டி ரப்பரைவிடத் தூரம் போயிற்று. அந்தப் பாடத்தைப் பந்தய உலகம் நூறு வருடம் பாதி மறந்திருந்தது. கால்வாய்க் கரைக்கு 40 மில்லிமீட்டர் டயர், 30 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்று, ஆளின் எடைக்கேற்பக் கொஞ்சம் ஏற்ற இறக்கம். இதுதான் என் சிபாரிசு.

இப்போது கார் வராத விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு, அமைதி, மிதிக்கும்போது பல மடங்கு அதிகமாக உள்ளே இழுக்கிற மூச்சில் புகை இல்லாமை, எல்லாம் சரி. இவற்றோடு, தரை தரையாக நிலைப்பதற்கே கார் வராமலிருப்பது வேண்டும். சரளைச் சாலையில் கார் வேகமாகப் போனால் பின்னால் புழுதி எழும்புகிறதே, அந்தப் புழுதிதான் கற்களைப் பிடித்து வைத்திருந்த தூள். காற்றில் அது போகப் போகப் பசை போகிறது, கற்கள் உதிரியாகின்றன, ஓரத்தில் குவிகின்றன. உதிரியான தரையில் வேகமாக உருளும் சக்கரம் அலையலையாக மேடுபள்ளம் போடும். டாபர்லே, மாரிஸ், மெக்கெல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2007-ல் இதைப் பற்றி எழுதினார்கள். வட்டமாகச் சுழலும் மணல் தடத்தில் ஒரு சக்கரத்தை உருளவிட்டு, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தட்டையான மணலில் தானாகவே அலைகள் பிறப்பதைப் பார்த்தார்கள். சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேண்டியதில்லை. சின்ன மேட்டில் தூக்கப்பட்ட சக்கரம் அடுத்த இடத்தில் விழுந்து குழி பறிக்கும், அடுத்து வருவது அதை ஆழமாக்கும்.

எடையின் பங்கும் லேசுப்பட்டதில்லை. 1950-களின் கடைசியில் இல்லினாய் மாநிலத்தில், சாலைகளை வேண்டுமென்றே லாரிகளால் தேய்த்துச் செய்த பெரிய சோதனையிலிருந்து ஒரு விதி கிடைத்தது: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. தார், கான்கிரீட் சாலைகளில் கண்ட விதி என்பதால் அந்த எண்ணை அப்படியே சரளைமேல் ஏற்றக்கூடாது. ஆனாலும் காரின் ஓர் அச்சு முக்கால் டன், சைக்கிளின் ஒரு சக்கரம் ஐம்பது கிலோ என்ற வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், எது பாதையை அழிக்கும் என்பதில் சந்தேகம் வர இடமில்லை. மழைநீரும், குளிரும், வேர்களும்தான் இங்கே மிச்சமுள்ள எதிரிகள். பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலம் முழுக்கக் கதவடைத்து வைப்பதும் அதனால்தான். கசியும் நீர் உறைந்து விரிந்து சுவரைப் பிளக்காமல் இருக்க வேண்டும்.

கார் வராதது தானாக நடந்துவிடவில்லை. 1924-ல் வந்த வெள்ளத்தோடு கால்வாய்ப் போக்குவரத்து நின்றுபோயிற்று. காடு கரையைத் தழுவிக்கொண்டது. 1950-களில் அதன்மேல் உல்லாசப் பயண மோட்டார் சாலை போடலாம் என்ற திட்டம் கிளம்பி, வாஷிங்டன் போஸ்ட் தலையங்கமும் அதை ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அதற்கு மறுப்புக் கடிதம் எழுதினார். அதோடு நிற்காமல், என்னோடு முழுத் தூரமும் நடந்து பாருங்கள் என்று ஆசிரியர்களை அழைத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லேண்டிலிருந்து பலர் கிளம்பினார்கள். பனியும் மழையுமாக எட்டு நாள். டக்ளசையும் சேர்த்து ஒன்பது பேர் முழுதும் நடந்து முடித்தார்கள். பத்திரிகை தன் நிலையைத் தளர்த்தியது. 1971-ல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதுகிற கை ஒன்று, வழக்கே இல்லாத இடத்தில் கால்நடையாகப் போய்ச் சாதித்தது இது. எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை.

ரயில் தடங்களுக்கு அப்படி ஒரு நீதிபதி கிடைக்கவில்லை. சட்டம்தான் கிடைத்தது. ஒரு ரயில் பாதை மூடப்பட்டால், அதன் நிலம் துண்டு துண்டாகப் பக்கத்து நிலக்காரர்களுக்குப் போய்விடுவது அங்கே வழக்கம். நடுவே அரை கிலோமீட்டர் போனாலும் மொத்தத் தடமும் பாதையாகாது. 1983-ல் தேசியப் பாதைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: பிற்காலத்தில் ரயில் மறுபடி தேவைப்பட்டால் திருப்பித் தருவோம் என்ற நிபந்தனையோடு, மூடிய தடத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் முழுசாக விட்டுவைக்கலாம். எதிர்த்து வழக்குப் போனது. 1990-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. இதன் பின்னாலுள்ள பொறியியல் நியாயம் பலமானது. மலையைத் தாண்டும் 1.4 சதவீதச் சரிவை இன்றைக்குப் புதிதாக உருவாக்க நினைத்தால், பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் மண்கரைக்கும் ஆகிற செலவைச் சைக்கிளுக்காக எந்த அரசும் கொடுக்காது. நிலத்தைச் சிதறாமல் வைத்திருந்தால், மேலே பரப்ப வேண்டியது சில அங்குலப் பொடிக்கல் மட்டுமே.